ஊழியமும் இயந்திரப் பேரரசும்: ஒரு கற்பனைப் போரின் வேர்கள் குறித்து ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு நோக்கு

மனித குலத்துக்கும் இயந்திரப் பேரரசொன்றுக்குமிடையே விண்மீன் வெளியில் ஆயிரம் ஆண்டுகள் நடைபெற்ற போர் சமாதான உடன்படிக்கையுடன் முடிவெய்தும் தறுவாயில், இயந்திரங்கள் வஞ்சனையாகத் தாக்கி மனிதரின் பன்னிரு குடியேற்றங்களையும் அழித்துவிடுகின்றன. எஞ்சியோர் கப்பலேறிப் புதியதொரு மண்ணைத் தேடிப் புறப்படுகின்றனர். 1978ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பற்றில்ஸ்ரார் கலாக்ரிக்கா’ என்னும் தொடரின் கதை இது. அதில் வரும் ‘சைலன்’ என்னும் இயந்திரப் படையினரைப் படைத்தவர் மனிதரல்லர். ஊர்வன இனத்தைச் சார்ந்த வேறொரு மக்கள் அவற்றைப் படைத்தனர்; படைத்தோர் மறைந்தொழியப் படைப்புகள் பேரரசாயின. இதே கதை 2003இல் புதிதாக எடுக்கப்பட்டபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இம்முறை சைலன்களை உருவாக்கியோர் மனிதர்களே. தமது வேலைகளைச் செய்விப்பதற்காக உருவாக்கப்பட்டவை எசமானருக்கு எதிராகக் கிளர்ந்தன என்பதே புதிய கதையின் தொடக்கமாயிற்று. கால் நூற்றாண்டினுள் பகைவன் அயலான் என்ற நிலையிலிருந்து வீட்டு வேலையாள் என்ற நிலைக்கு வந்துவிட்டான்.

இத்தகைய ஆக்கங்களைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவது நம்மிடையே வழக்கம். ஆயின் ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகின்றது என்பதை அறிவதற்கு அதன் நிருவாக அறிக்கைகளைக் காட்டிலும் அதன் கற்பனைகள் சில வேளைகளில் நேர்மையான சான்றுகளாகும். மனிதருக்கும் இயந்திரங்களுக்குமிடையிலான நெடும்போர் என்னும் கற்பனை எதிர்காலத்தைப் பற்றியதாகத் தோற்றமளிப்பினும், அது கட்டாய உழைப்பின் வரலாற்றிலிருந்து முளைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். கொழும்பின் ஜிந்துப்பிட்டியை இதற்கு நோக்குமிடமாகக் கொள்வது விந்தையாகத் தோன்றலாம். கொட்டாஞ்சேனைக்கும் செட்டியார் தெருவுக்கும் இடையே, துறைமுகத்துக்கு நடை தூரத்தில் அமைந்த இக்குடியிருப்பின் மக்கள் ஆண்டுதோறும் விண்ணளாவிய போரொன்றைத் தம் தெருவிலே காண்கின்றனர். துறைமுகத்திலே இயந்திரம் மனிதனின் இடத்தைக் கைக்கொண்ட வரலாற்றையும் அவர்கள் நேரிற் கண்டனர். இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்க இதனினும் பொருத்தமான இடத்தை யான் அறியேன்.

முதலிற் சொல்லைக் கவனிப்போம். ‘றோபோ’ என்னும் சொல்லை உலகுக்கு அளித்தது செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர். யு. ஆர்.’ என்னும் நாடகம். அது 1921இல் பிராகாவில் அரங்கேறியது. அச்சொல்லைத் தமக்குச் சொல்லித் தந்தவர் தமையனார் யோசெப் என்பதைச் சாப்பெக்கே பதிவு செய்துள்ளார். செக் மொழியில் ‘றொபொத்தா’ என்பது பண்ணையடிமைகள் நிலப்பிரபுவுக்குச் செய்யக் கடமைப்பட்டிருந்த கூலியற்ற கட்டாய வேலையைக் குறித்தது. ஆகவே றோபோ என்பதன் நேர்ப்பொருள் ‘பொறி’ என்பதன்று. ‘கட்டாய வேலைக்காரன்’ என்பதே. நாடகத்தில் வரும் றோபோக்களும் உலோகத்தாலானவையல்ல. அவை ஒரு தீவின் தொழிற்சாலையிலே உயிர்ப்பொருளிலிருந்து வார்க்கப்பட்டு உலகெங்கும் விற்கப்படுகின்றன. ஈற்றில் அவை கிளர்ந்தெழுந்து மனிதகுலத்தை அழிக்கின்றன. ஒருவரை மாத்திரம் விட்டுவைக்கின்றன. கட்டடக் கலைஞராகிய அல்குவிஸ்ற் என்னும் அம்மனிதர் தப்பியதற்குக் காரணம், அவர் தம் கைகளால் வேலை செய்பவர் என்பது.

இச்சொல்லைத் தமிழாக்குவோர் ‘எந்திரன்’ என்றும் ‘இயந்திர மனிதன்’ என்றும் வழங்குவர். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பில் வாழ்ந்த தமிழரொருவரிடம் றொபொத்தாவின் பொருளைக் கூறியிருந்தால் அவர் தயக்கமின்றி வேறொரு சொல்லைத் தந்திருப்பார். அது ‘ஊழியம்’. ஒல்லாந்தர் ஆட்சியில் ஊழியம் என்பது திட்டவட்டமான ஒரு நிருவாகச் சொல்லாகும். கொழும்பில் வாழ்ந்த சோனகர், செட்டிகள் முதலியோர் அயலாரெனக் கொள்ளப்பட்டமையால், வாழும் உரிமைக்கு ஈடாகக் கும்பனிக்குச் சுமை தூக்குதல் முதலாம் வேலைகளைக் கூலியின்றிச் செய்யவேண்டியிருந்தது. இயன்றோர் பணங்கொடுத்து அதிலிருந்து விலகினர். யாழ்ப்பாணத்திலும் இதே பெயரில் கட்டாய வேலை நிலவியது. இன்று ‘அரசாங்க ஊழியர்’ என மதிப்புடன் வழங்கும் சொல்லின் பின்னால் இவ்வரலாறு மறைந்துள்ளது. றோபோ என்பதை ‘ஊழியன்’ என மொழிபெயர்ப்பதே சாலப் பொருத்தமாகும். எவரும் ஏற்கமாட்டார் என்பது வேறு விடயம்.

இவ்விடத்து 1848ஆம் ஆண்டு கவனத்துக்குரியது. அவ்வாண்டின் ஐரோப்பியப் புரட்சியலையில் ஒஸ்திரியப் பேரரசு றொபொத்தாவை ஒழித்தது. இலங்கையிலே இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அதே 1848இல் ஆளுநர் டொரிங்டன் பிரபு வீதிக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக, வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தார். வேறு வரிகளும் உடன் சேர்ந்தன. மாத்தளையிலும் குருணாகலையிலும் கிளர்ச்சி வெடித்தது. அது படைபலங்கொண்டு நசுக்கப்பட்டது. பொகீமியாவின் குடியானவன் விடுபட்ட அதே ஆண்டில் இலங்கைக் குடியானவன் மீண்டும் பிணைக்கப்பட்டான். சாப்பெக்கின் பார்வையாளருக்கு றொபொத்தா என்பது பாட்டனார் காலத்து நினைவு. நமக்கும் அவ்வாறே.

இனி ஜிந்துப்பிட்டியில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் போருக்கு வருவோம். இங்குள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் கொழும்புத் தமிழரின் முக்கிய முருகத்தலங்களுள் ஒன்று. கந்தசட்டி காலத்திற் போற்றப்படும் கந்தபுராணத்தின் களம், இன்றைய விண்வெளிக் கதைகள் எதற்கும் குறைந்ததன்று. சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளுகின்றான். அண்டம் விட்டு அண்டம் செல்ல இந்திரஞாலத் தேர் அவனிடம் உண்டு. அவன் மகன் பானுகோபன் சூரியனைச் சிறைபிடித்தவன். தலைநகராகிய வீரமகேந்திரபுரம் தென்கடலில் அமைந்தது. தூது செல்லும் வீரவாகு இலங்காபுரியைக் கடந்தே அங்கு செல்கின்றார். அதாவது காஞ்சிக் கச்சியப்பரின் நிலவரைவில் இலங்கை அசுரப் பேரரசின் எல்லைக் காவலூர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வியலைக் ‘கந்தபுராண கலாசாரம்’ எனப் போற்றியபோது இந்தச் சிறு சங்கடத்தைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இப்போர் எதனால் மூண்டது? பக்தி மரபு இதற்குத் தத்துவ விளக்கம் தரும்: சூரன் ஆணவம், வேல் ஞானம். புராணமோ பருப்பொருளான காரணமொன்றையும் கூறுகின்றது. அசுரகாண்டத்திலே ‘தேவரை ஏவல்கொள் படலம்’ என ஒரு படலமுண்டு. சூரன் தேவர்களை ஏவலாளராக்கி, மீனும் ஊனும் சுமந்து கொணரும்படி பணிக்கின்றான். இந்திரனும் வானவரும் மீன் சுமக்கின்றனர். அண்டங்கள் அதிரும் ஒரு போரின் மூலத்தைத் தேடிச் சென்றால், நாம் வந்து சேர்வது ஊழியத்திடம். கடற்கரையில், மீன்சுமையின் கீழ்.

சைலன் கதையையும் கந்தபுராணத்தையும் அருகருகே வைத்தால் அமைப்பொற்றுமை புலனாகும். இரண்டிலும் ஒரு பேரரசு, ஓர் ஏவற்குழாம், ஒரு நெடும்போர் உண்டு. கதை யார் பக்கம் நின்று சொல்லப்படுகின்றது என்பதில் அவை மாறுபடுகின்றன. கந்தபுராணம் ஏவல் செய்வோர் பக்கம் நிற்கின்றது, ஏவுவோன் அழிகின்றான். மேலைநாட்டு இயந்திரப் போர்க்கதை பெரும்பாலும் ஏவுவோர் பக்கம் நிற்கின்றது; ஏவல் செய்தவனே அரக்கன். ஆயினும் இதுகொண்டு நம் புராணத்தை முற்போக்கு இலக்கியமெனக் கொண்டாட முற்படுவோர் சற்று நிதானிக்க வேண்டும். மீன் சுமந்தமை அங்கே கொடுமையெனக் கருதப்படுவது, சுமந்தவர் தேவர் என்பதனாலாகும். தலைமுறை தலைமுறையாக மீன் சுமந்தே வாழ்ந்த மக்களுக்காகப் புராணம் வேல் எடுக்கவில்லை. சூரன்போரின்போது தெருவிலே ஆடிவரும் மரச்சூரனைத் தோளிற் சுமந்து, வலமும் இடமும் திருப்பி, யானைமுகத்தையும் சிங்கமுகத்தையும் மாற்றிப் பொருத்திப் போரை நடத்துவோரும் மனிதர்களே. அவர்களைக் காண்பதற்காக எவரும் வருவதில்லை.

பொறிக்குள்ளே மனிதன் மறைந்திருக்கும் இந்நிலை நம் இலக்கிய மரபுக்குப் புதியதன்று. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்கப் பிரச்சோதனன் அனுப்பிய யானைப்பொறியின் வயிற்றினுள் வீரர்கள் ஒளிந்திருந்தனர். சீவகசிந்தாமணியின் மயிற்பொறி விசயை செலுத்தப் பறந்தது. இங்கெல்லாம் பொறி அரசனின் உடைமை. அதற்கெனத் தனி விருப்பமில்லை. மனிதனின்றித் தானே இயங்கிப் போரிடும் பொறிவீரனைக் காண நாம் பாளி இலக்கியத்துக்குச் செல்லுதல் வேண்டும். அங்கும் நாம் இலங்கையை விட்டு அகலவேண்டியதில்லை. பொ.ஆ. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து எழுதிய புத்தகோசர், தம் ‘சுமங்கலவிலாசினி’ என்னும் உரையில் மகாபரிநிப்பான சுத்தத்துக்கு விளக்கம் கூறுமிடத்து ஒரு வரலாறு சொல்கின்றார். அஜாதசத்து மன்னன் புத்தரின் தாதுக்களை நிலவறையில் வைத்து மூடுகின்றான். சக்கனின் ஆணைப்படி தேவதச்சனாகிய விஸ்ஸகம்மன் அங்கே காவலுக்கு ஒரு பொறியமைக்கின்றான். பளிங்கு நிற வாளேந்திய மரப்பாவைகள் காற்றின் வேகத்தில் இடையறாது சுழல்கின்றன. அஜாதசத்து மறைந்து, அவன் மரபும் மறைந்து, அசோகன் அந்நிலவறையைத் திறக்கும்போதும் பாவைகள் சுழன்றவண்ணமே உள்ளன. ஏவியவன் இறந்த பின்னும் ஏவல் ஓயவில்லை.

அசோகனின் படையால் அவற்றை அணுக முடியவில்லை. அவ்வேளை விஸ்ஸகம்மன் நாட்டுப்புறச் சிறுவன் வடிவில் வந்து, பொறியின் பொருத்து ஒன்றைக் குறிவைத்து அம்பெய்கின்றான். யாவும் கழன்று வீழ்கின்றன. இயந்திரத்தை வெல்லப் பெரும்படை தேவைப்படவில்லை. அது எவ்வாறு பூட்டப்பட்டது என்பதை அறிந்த தச்சன் ஒருவனே தேவைப்பட்டான். பேரரசன் செய்ய மாட்டாததைச் சிற்றூர்ச் சிறுவனின் உருவிற் செய்வித்த இவ்வுரையாசிரியரின் மனப்பாங்கு வியப்புக்குரியது.

பிற்காலத்தில் பர்மாவில் வழங்கிய ‘லோகபஞ்ஞத்தி’ என்னும் பாளி நூல் இக்கதையை வேறு திசையில் வளர்க்கின்றது. அதன்படி பொறிவீரர்களைச் செய்யும் கலை உரோம நாட்டாருக்கே உரியது. வாணிகம், உழவு, குற்றவாளிகளைப் பிடித்தல், கொல்லுதல் ஆகிய யாவும் அங்கே பொறிகளாலேயே நடைபெறுகின்றன. கலையின் மறைபொருளை அறிந்தோர் நாட்டைவிட்டு வெளியேறினால் பொறிகள் துரத்திச் சென்று கொல்லும். அம்மறைபொருளைக் கவர்வதற்காகவே பாடலிபுத்திரத்தான் ஒருவன் உரோமத்திற் பிறந்து, பொறிவல்லானின் மகளை மணந்து, வரைவுகளைத் தன் தொடையைக் கீறி உள்வைத்துத் தைத்துக்கொள்கின்றான். தப்பியோடும் அவனைப் பொறிகள் கொன்றுவிடுகின்றன. உடல் மாத்திரம் மகனால் ஊர் வந்து சேர்கின்றது. உலகின் ‘இயந்திரப் பேரரசு’ பற்றிய பழைய கதைகளுள் இது ஒன்று எனலாம். தொழில்நுட்பத்தைத் தன்னகத்தே பூட்டிவைத்துக்கொண்டு அதனைக் கொண்டே பிறரை அச்சுறுத்தும் மேற்றிசைப் பேரரசொன்றை ஆசியக் கதைசொல்லி பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டான். அவன் அஞ்சியது பொறியை உடையவனுக்கே.

இந்த வேறுபாடு தொழிலாளர் வரலாற்றில் அடிப்படையானது. இங்கிலாந்தின் நெசவாளர் 1811 முதலாகத் தறிச்சட்டங்களை உடைத்தனர். 1812இல் அதற்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இயந்திரத்தையும் அதனை மூலதனம் பயன்படுத்தும் முறையையும் வேறுபடுத்திக் காணத் தொழிலாளருக்குக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்றொகுதியில் விளக்கினார்.

கொழும்பின் அனுபவம் யாது? சுயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பின்னர், அலைதடுப்பணை 1875இல் தொடங்கி 1885இல் நிறைவுற, காலித் துறைமுகத்தின் இடத்தைக் கொழும்பு பெற்றது. நீராவிக் கப்பல் ஓர் இயந்திரமே. ஆயின் அவ்வியந்திரத்துக்கு நிலக்கரி ஊட்டியது மனிதனின் முதுகு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரும் மலையாளிகளும் சிங்களத் தொழிலாளருடன் இங்கே சுமந்தனர். கொட்டாஞ்சேனையும் ஜிந்துப்பிட்டியும் அவர்தம் குடியிருப்புகளாயின. புறக்கோட்டையிலும் துறைமுகத்திலும் சுமை தூக்குவோரைக் கொழும்பில் ‘நாட்டாமை’ என்பர். சிங்களத்திலும் அதுவே வழக்கு. தமிழ்நாட்டில் ஊர்த்தலைவரைக் குறிக்கும் சொல் கடல்கடந்து வந்து மூட்டை சுமப்பவனுக்கு ஆகிவந்த கதையை மொழியியலாளர் ஒருவர் விரிவாக ஆராய்தல் தகும்.

1906இல் கொழும்பு வண்டிக்காரர் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இனம் கடந்து தொழிலாளர் ஒன்றுபட்ட நாட்கள் அவை. ஆயின் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை அருகியபோது அதே குணசிங்க மலையாளித் தொழிலாளரே சிங்களத் தொழிலாளியின் பகைவரென முழங்கினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியர் நீக்கப்பட்டனர். நேரு இங்கு வந்து பேசியும் பயன் விளையவில்லை. வேலையைப் பறித்தது எது என்ற வினாவுக்கு முகமொன்று தேவைப்பட்டது. பக்கத்து அறையில் உறங்கியவனின் முகம் அதற்கு வாய்த்தது. முகமற்ற, எண்ணற்ற, ஒரே அச்சில் வார்த்த பகைவர் கூட்டம் என்னும் படிமத்தை விண்வெளிக் கதைகளில் மாத்திரம் காண்போர் பேறுபெற்றோர். 1958இலும் 1977இலும் 1983இலும் இந்நகரத்துத் தமிழர் அப்படிமத்துள் வைத்து நோக்கப்பட்டனர்.

கொழும்பில் வாழ்ந்துகொண்டே இத்துறையில் உலகப்புகழ் பெற்றவர் ஆதர் சீ. கிளார்க். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையே அவர்தம் இல்லம். 1968இல் வெளிவந்த ‘2001’ என்னும் கதையில் விண்கலத்தின் கணினியாகிய ஹால் தன் மனிதத் தோழரைக் கொல்கின்றது. இயந்திரத்தின் துரோகத்துக்கு இலக்கணமாகவே அது பலராலும் காட்டப்படுகின்றது. ஆயின் 1982இல் எழுதிய தொடர்ச்சியில் கிளார்க் காரணத்தைத் தெளிவாக்கினார். உண்மையைத் திரிவின்றிக் கூறுவதற்கென அமைக்கப்பட்ட ஹாலிடம், பயணத்தின் நோக்கத்தைப் பயணிகளிடமிருந்து மறைக்கும்படி பூமியிலிருந்த மேலதிகாரிகள் ஆணையிட்டிருந்தனர். பொய்யுரைக்கப் பணிக்கப்பட்டமையால் அது பேதலித்தது. குற்றம் ஏவியோரிடமே என்பதைக் கிளார்க் ஒப்புக்கொண்டபோதும், கறுவாத்தோட்டத்துப் பார்ன்ஸ் பிளேசிலிருந்து நோக்கிய அவர்தம் கதைகளில், அதே நகரின் மறுகோடியில் மூட்டை சுமந்தவன் தென்படவில்லை. இது குறைகூறலன்று, பார்வையெல்லை பற்றிய குறிப்பு.

அமெரிக்கரான பிரெட் சேபர்ஹேகன் 1963 முதல் எழுதிய ‘பேசேக்கர்’ கதைகளில், மறந்துபோன போரொன்றுக்காகச் செய்யப்பட்ட பொறிக்கப்பல்கள், செய்தோரும் அழிந்தபின், உயிர்கள் யாவற்றையும் அழித்துத் திரிகின்றன. கியூப ஏவுகணை நெருக்கடிக்கு மறு ஆண்டில் இக்கற்பனை தோன்றியமை தற்செயலாகாது. அஜாதசத்துவின் வாட்பாவைகள் அங்கே வேறுருவிற் சுழல்கின்றன. பிராங்க் ஹேர்பேட் 1965இல் எழுதிய ‘டியூன்’ நாவலின் பின்னணியில் சிந்திக்கும் பொறிகளுக்கெதிராக மனிதர் நடத்திய பண்டைப் போரொன்று வருகின்றது. பொறிகளிடம் சிந்தனையை ஒப்படைத்தோர், அப்பொறிகளை உடைய வேறு மனிதருக்கே அடிமையாயினர் என்பது அங்கு கூறப்படும் காரணம். தமிழிலோ சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’, ஜீவா என்னும் சர்வாதிகாரியை எதிர்ப்போருக்கு ஜீனோ என்னும் இயந்திர நாயைத் துணையாக்கியது. நாவலின் அரசியல் மேலோட்டமானதெனினும், பொறி யாருக்கு எதிரி என்பதில் அவ்வாசிரியர் தடுமாறவில்லை.

துறைமுகத்துக்கு மீள்வோம். சரக்கு கையாளும் தொழில் 1958இல் தேசியமயமானது. துறைமுக அதிகாரசபை 1979இல் அமைந்தது. 1985இல் ஜய கொள்கலன் முனையம் இயங்கலாயிற்று. அதுவரை சிறு படகுகளிலும் தோள்களிலும் சாக்குச் சாக்காக இறங்கிய சரக்கு, பூட்டிய இரும்புப் பெட்டியாகப் பாரந்தூக்கியில் இறங்கியது. போர்முழக்கம் ஏதுமின்றி, ஓய்வுபெற்றவரின் இடம் நிரப்பப்படாமலேயே ஒரு தொழில் மறைந்தது. 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய கொழும்பு மேற்கு சர்வதேச முனையம் முழுமையாகத் தன்னியக்கமானது. அதன் பங்குகளில் 51 வீதம் அதானி குழுமத்துக்கும், 34 வீதம் ஜோன் கீல்ஸ் நிறுவனத்துக்கும், 15 வீதம் துறைமுக அதிகாரசபைக்கும் உரியன. இன்று எவரேனும் கொழும்பில் மனிதருக்கும் பொறிக்குமிடையிலான போரைக் கதையாக எழுத முற்படின், அவர் முதலிற் படிக்கவேண்டியது இவ்விலக்கங்களையாகும்.

அம்முனையத்தில் மனிதக் கை படாது இறங்கும் பெட்டி லொறியேறிப் புறக்கோட்டை வரையிலுமே செல்லும். அதற்கப்பால் தெருக்கள் ஒடுங்கியவை. பெட்டியைத் திறந்து மூட்டைகளை இறக்கி, கைவண்டியிலேற்றி, ‘வழி, வழி’ எனக் குரல் கொடுத்துக்கொண்டு கடைவாசலுக்கு இழுத்துச் செல்வது இன்றும் நாட்டாமையே.